சீனி வருத்தத்துக்குப் பசி குறைக்கும் ஊசி: தொடங்கலாமா, விடலாமா?

கொக்குவில் ரீச்சர்:
எனக்கு 48 வயது. சீனி வருத்தம் வந்து பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது. சீனிக்கு மெட்ஃபோமின், கிளிக்ளசைட் என்று இரண்டு குளுசை எடுக்கிறேன். நிறை 86 கிலோ, உயரம் ஐந்தடி இரண்டு அங்குலம். கடைசியாகப் பார்த்த மூன்று மாதச் சராசரிச் சீனி (HbA1c) 9.1 வீதம். இனி இன்சுலின்தான் என்று கிளினிக்கில் சொல்லிவிட்டார்கள். வெளியில் காட்டிய டொக்டர், அதற்கு முதல் செமாக்ளூடைட் ஊசியைப் போட்டுப் பார்க்கலாம் என்கிறார். ஒஸெம்பிக் என்று எல்லோரும் கதைக்கிறார்களே, அதேதான். கிழமைக்கு ஒருதரம். பசி குறையும், நிறையும் சீனியும் சேர்ந்து இறங்குமாம். வீட்டில் இரண்டு கட்சி. இவர் தொடங்கச் சொல்கிறார். மாமி, "பசி இல்லாமல் என்ன சீவியம்" என்கிறா. போட்டவர்கள், போட்டு நிறுத்தியவர்கள், வேண்டாம் என்பவர்கள் எல்லோரும் சொல்லுங்கோ.

நாவற்குழி ஐயா:
தங்கச்சி, நான் வேண்டாம் என்கிற கட்சி. 2022இல் பெற்றோல் இல்லாமல் போனபோது யாழ்ப்பாணமே திரும்பச் சைக்கிள் ஏறியது ஞாபகம் இருக்கும். என்ரை சீனி ஒழுங்காக நின்றது அந்த வருடத்தில்தான். பெற்றோல் வந்தது, சைக்கிள் தாழ்வாரத்துக்குப் போனது, சீனியும் ஏறியது. காலையில் புட்டு, மத்தியானம் சோறு, இரவு இடியப்பம் என்று மூன்று நேரமும் அரிசி. இடையில் சீனி போட்ட தேத்தண்ணியும் ரோல்ஸும். இதில் கை வைக்காமல் ஊசியால் பசியை அடக்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. நிறுத்தினால் நிறை திரும்பவும் ஏறும் என்று அதைச் செய்கிற கொம்பனியின் ஆய்வே சொல்லுது. அப்படியென்றால் சாகும்வரை காசு கட்ட வேண்டிய சாமான்.

சுன்னாகம் பாமசி:
ஐயா சொன்னதில் பாதி சரி. மற்றப் பாதிக்கு வருகிறேன்.

சாப்பிட்டவுடன் குடலில் இருந்து ஜிஎல்பி-1 என்கிற ஹோர்மோன் சுரக்கும். கணையத்துக்கு இன்சுலின் விடச் சொல்வது, வயிறு மெல்ல வெறுமையாகச் செய்வது, மூளைக்குப் போதும் என்று சொல்வது எல்லாம் அதன் வேலை. ஆனால் அது உடம்பில் சில நிமிடங்கள்தான் நிற்கும். செமாக்ளூடைட் அதன் வேலையையே ஒரு கிழமைக்குச் செய்கிற மருந்து. (இந்த வகையில் முதலில் வந்த எக்ஸெனடைட், அமெரிக்கப் பாலைவனத்தில் வாழும் ஹீலா என்கிற நச்சுப் பல்லியின் உமிழ்நீரில் கண்டெடுத்த பொருளில் இருந்து உருவானது. 2005இல் அங்கே அனுமதி கிடைத்தது. மாமியிடம் இதைச் சொல்ல வேண்டாம்.)

இப்போது எண்களுக்கு வருவோம். முகநூலில் சுற்றுகிற "15 வீதம் நிறை குறையும்" என்பது 2021இல் வெளிவந்த ஆய்வு. 1,961 பேர், 68 கிழமை, சராசரியாக 14.9 வீதம் குறைந்தது. மருந்தில்லாத ஊசி போட்டவர்களுக்கு 2.4 வீதம். ஆனால் அவர்கள் ஒருவருக்கும் சீனி வருத்தம் இல்லை. சீனி வருத்தம் உள்ளவர்களுக்கு அதே அளவு மருந்தைக் கொடுத்துப் பார்த்த மற்ற ஆய்வில் 9.6 வீதம்தான். ரீச்சருக்குக் கணக்குப் பார்த்தால் எட்டுக் கிலோ அளவு. அதுவும் கிழமைக்கு 2.4 மில்லிகிராம் என்கிற உச்ச அளவில். சீனிக்கென்று எழுதும்போது அவ்வளவு தூரம் போகாமலும் இருக்கலாம். படத்தில் வருகிற நடிகையைப் போல ஆகப் போவதில்லை என்பதைத் தெரிந்துகொண்டு தொடங்குங்கோ.

நாவற்குழி ஐயா:
எட்டுக் கிலோவுக்கு இவ்வளவு செலவோ? தம்பி, 2017இல் பிரித்தானியாவில் டைரெக்ட் என்றொரு ஆய்வு வெளிவந்தது. மருந்தை நிறுத்திவிட்டு, சாப்பாட்டை நாளுக்கு 850 கலோரி அளவுக்குக் குறைத்தார்கள். ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் 46 வீதமான ஆட்களுக்குக் குளுசையே இல்லாமல் சீனி கட்டுக்குள் நின்றது. இரண்டாம் வருடத்திலும் 36 வீதம். இதை ஏன் ஒரு டொக்டரும் எங்களுக்குச் சொல்வதில்லை?

சுன்னாகம் பாமசி:
நல்ல ஆய்வு. ஆனால் அதில் சேர்த்தது வருத்தம் வந்து ஆறு வருடத்துக்குள் இருந்தவர்களை, இன்சுலின் போடாதவர்களை. ரீச்சருக்குப் பத்து வருடம் தாண்டிவிட்டது. இவ்வளவு காலத்தில் கணையம் களைத்துப் போயிருக்கும். அவர்களும் புட்டில் இரண்டு பிடி குறைத்து அந்த முடிவுக்கு வரவில்லை. மூன்று முதல் ஐந்து மாதம் வரை சூப்பும் ஷேக்கும் மட்டும்தான் சாப்பாடு.

வல்வை அக்கா:
ஐயா, ஒரு கேள்வி. உங்கள் வீட்டில் யார் சமைக்கிறது? காலையில் எழும்பி எல்லோருக்கும் புட்டு அவித்து, பிள்ளைக்குத் தனியாக நூடில்ஸ் கிண்டி, மிஞ்சினதைக் கொட்ட மனமில்லாமல் நாங்கள்தான் சாப்பிடுகிறோம். அடுப்படிக்குள்ளேயே நிற்கிற ஆளுக்கு 850 கலோரி என்று சொல்வது லேசு.

நான் இந்த ஊசி போடுகிறேன், இரண்டாவது வருடம். அனுபவத்தைச் சொல்கிறேன். முதல் மாதம் ஒன்றும் தெரியவில்லை. 0.25 மில்லிகிராமில் தொடங்குவது உடம்பு பழகத்தான், சீனி இறங்க அல்ல என்று பிறகுதான் சொன்னார்கள். 0.5 ஆக்கியதும் சத்தி. அதிலும் ஊசி போட்ட மறுநாள் பொரித்த மீன் மணத்தாலே குமட்டும். கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடவும், எண்ணெயை விடவும், வயிறு நிறைந்ததென்றால் அடுத்த வாய் வைக்காமல் கோப்பையை வைக்கவும் பழகினேன், அது அடங்கியது. மலச்சிக்கல் மட்டும் இன்னும் இருக்கிறது.

பயந்த விஷயம் வேறு. என்னையும் கிளிக்ளசைட்டோடு சேர்த்துத்தான் தொடங்கினார்கள். அதைக் குறைக்கச் சொல்லவேயில்லை. ஒருநாள் சந்தைக்குள் நிற்கும்போது கை நடுங்கி, வேர்த்துக் கொட்டி, கண் இருண்டுகொண்டு வந்தது. மீன்காரம்மா தன் பிளேன்டியைத் தந்துதான் தெளிந்தேன். ரீச்சர், இதை முதலில் கேளுங்கோ.

மற்றது, சும்மா இருக்கையில் "அடுப்படியில் வடை இருக்குது" என்று மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருக்குமே, அது நின்றுவிட்டது. மாமி சொல்கிற சீவியம் இதுதான் என்றால், இந்தச் சீவியம் எனக்குப் பிடித்திருக்கிறது. கலியாண வீடுகளில்தான் கரைச்சல். சாப்பிடாமல் எழும்பினால் வீட்டுக்காரர் கோவிக்கிறார்கள்.

சுன்னாகம் பாமசி:
அக்கா சொன்ன கிளிக்ளசைட் விஷயம் முக்கியம். செமாக்ளூடைட் இரத்தத்தில் சீனி கூடினால்தான் இன்சுலினை விடச் சொல்லும். அதனால் தனியாகப் போட்டால் சீனி படுத்துவிடுவது அபூர்வம். கிளிக்ளசைட் அப்படிப் பார்த்து வேலை செய்வதில்லை. சாப்பாடும் குறைந்து அதுவும் பழைய அளவிலேயே இருந்தால் சீனி விழும். இன்சுலினுக்கும் இதே கதை. தொடங்கும்போதே அளவைக் குறைக்க வேண்டுமா என்று கேளுங்கோ. நீங்களாக வெட்ட வேண்டாம். சஷ்டி விரதம் பிடிக்கிறவர்கள் அதற்கு முதல் இதைக் கதைத்துவிட வேண்டும்.

ஸ்காபரோ தம்பி:
வணக்கம் அக்காமார். இங்கே கனடாவில் இதெல்லாம் இப்ப சர்வசாதாரணம். ரீச்சருக்கு வேண்டுமென்றால் நல்லூர்க் கொடியேற்றத்துக்கு வரும்போது ரெண்டு மூன்று ஊசிப் பேனை கொண்டு வருகிறேன். அங்கே வாங்கிறதை விட நம்பிக்கையாக இருக்கும்.

சுன்னாகம் பாமசி:
தம்பி, மனசு நல்லது. ஆனால் வேண்டாம். திறக்காத பேனை 2 முதல் 8 பாகைக்குள் இருக்க வேண்டும். உறைந்தாலும் பழுது. திறந்த பிறகு சில கிழமைகள் வெளியில் வைக்கலாம், அதுவும் 30 பாகைக்குள். ஆவணி வெயிலில் எங்கள் வீட்டுக் குசினிக்குள் 30 பாகை எங்கே இருக்கிறது? விமானத்தில் பெட்டியில் வந்து, கொழும்பில் இருந்து வான் வண்டியில் விடியவிடிய வந்த மருந்துக்குள் என்ன மிச்சம் இருக்கும் என்று யாருக்கும் சொல்ல முடியாது. பார்த்தால் தண்ணீர் போலத்தான் இருக்கும்.

அடுத்தது போலி. ஒஸெம்பிக் பெயரில் போலிப் பேனைகள் பிரேசில், பிரித்தானியா, அமெரிக்கா மூன்றிலும் பிடிபட்டதாக 2024 ஜூனில் உலக சுகாதார நிறுவனமே எச்சரித்தது. ஆகவே வெளிநாட்டுச் சாமான் என்பதற்காக நம்பிவிட முடியாது. எல்லாவற்றையும் விட, கொடியேற்றத்துக்குக் கொண்டு வந்தது கார்த்திகையில் முடிந்தால் பிறகு என்ன செய்வது? இடையில் கன நாள் விட்டால் பழைய அளவிலேயே திரும்பப் பிடிக்க முடியாது. அனேகமாகக் கீழிருந்துதான் ஏற வேண்டி வரும்.

நாவற்குழி ஐயா:
இப்ப நீரே என்ரை கட்சிக்கு வந்துவிட்டீர்! இதைத்தான் நானும் சொல்கிறேன். கிளினிக்கில் மெட்ஃபோமின் சும்மா தருகிறார்கள், இன்சுலின் சும்மா தருகிறார்கள். இந்த ஊசிக்கு மாதாமாதம் கைக்காசு. எங்கள் ஒழுங்கையில் முக்கால்வாசி வீடு வெளிநாட்டுக் காசில் ஓடுகிறது. அங்கே ஒருத்தனுக்கு வேலை போனால் இங்கே ஊசி நிற்கும். நின்றால் நிறை வரும், சீனி வரும். இன்சுலினுக்குப் போயிருந்தால் இந்தப் பிரச்சினை இல்லை.

சுன்னாகம் பாமசி:
நிறுத்தியவர்களைத் தொடர்ந்து பார்த்ததில், ஒரு வருடத்துக்குள் இறங்கின நிறையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டது. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் இது ஊசியின் குணம் மட்டுமில்லை ஐயா. பட்டினி கிடந்து குறைத்தாலும் உடம்பு பசியைக் கூட்டி, எரிப்பதைக் குறைத்து, பழைய நிறைக்கு இழுக்கும். பிரஷர்க் குளுசையை நிறுத்தினால் பிரஷர் ஏறுகிறது. அதற்காகக் குளுசை பிழை என்று யாரும் சொல்வதில்லையே.

இன்சுலின் நல்ல மருந்து, ஒளிக்கவில்லை. ஆனால் 86 கிலோ ஆளுக்கு அது இன்னும் நிறையைக் கூட்டலாம். செமாக்ளூடைட்டுக்கு இதயப் பக்கமும் சிறுநீரகப் பக்கமும் ஆதாரம் இருக்கிறது. சீனி வருத்தத்தோடு சிறுநீரகமும் பழுதுபட்டவர்களில், நோய் மோசமாவது 24 வீதம் குறைந்ததென்று 2024இல் வந்தது. 2025 செப்டம்பரில் உலக சுகாதார நிறுவனம் இந்த வகை மருந்துகளை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. அதுவும் ஒல்லியாவதற்காக அல்ல. சீனியோடு இதய நோயோ சிறுநீரக நோயோ, அதோடு உடற்பருமனும் உள்ளவர்களுக்காக. ரீச்சர், உங்களுக்குச் சிறுநீரில் புரதம் போகிறதா, ஈசிஜி எப்படி என்று பார்த்தீர்களா? ஏதாவது இருந்தால் கைக்காசு கொடுப்பதற்கு நியாயம் கூடும்.

செலவு தாங்காதென்றால் எம்பாகிளிஃப்ளோசின் என்றொரு குளுசை வகை இருக்கிறது. நிறை இரண்டு மூன்று கிலோதான் இறங்கும், ஆனால் இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் நல்லது. மூத்திர வழியில் கிருமி பிடிக்கலாம், விரத நாட்களில் கவனம். அதையும் டொக்டரிடம் கேட்டுப் பாருங்கோ.

தைமாத மணப்பெண்:
இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். எனக்குச் சீனி ஒன்றும் இல்லை. வயது 27, ஐந்தடி மூன்று, 61 கிலோ. தையில் கலியாணம். கூறைக்குள் வடிவாக இருக்க வேண்டும். மூன்று மாதம் மட்டும் போடலாமா?

வல்வை அக்கா:
61 கிலோவோ? பிள்ளை, போய்ச் சாப்பிடு.

சுன்னாகம் பாமசி:
தங்கச்சி, வேண்டாம். உயரத்துக்கு ஏற்ற நிறையா என்று பார்க்கிற பிஎம்ஐ உங்களுக்கு 24க்குக் கிட்ட. ஆசிய ஆட்களுக்கு 23க்கு மேல் கவனம் என்பது உண்மைதான், ஆனால் கவனம் என்றால் ஊசி என்று அர்த்தமில்லை. இந்த நிறைக்கு யாரும் எழுதித் தரவும் கூடாது. இன்னொன்று, பிள்ளை பெற நினைத்தால் குறைந்தது இரண்டு மாதத்துக்கு முதலே இதை நிறுத்தியிருக்க வேண்டும். தையில் கலியாணம் என்றால் மிச்சத்தை நீங்களே யோசியுங்கோ.

நாவற்குழி ஐயா:
பார்த்தீர்களா, கலியாணத்துக்கும் ஊசி! இதுதான் என்ரை பயம். நாளைக்கு ரியூட்டரிப் பிள்ளைகளும் கேட்கும்.

கொக்குவில் ரீச்சர்:
எல்லாவற்றையும் வாசித்தேன். கிளிக்ளசைட் பற்றி டொக்டர் ஒன்றும் சொல்லவில்லை, நாளைக்கே போனில் கேட்கிறேன். சிறுநீரில் கொஞ்சம் புரதம் போகிறது என்று போன வருட ரிப்போர்ட்டில் இருந்தது. ஐயா, நடையும் சாப்பாடும் நானும் மறுக்கவில்லை. ஆனால் பள்ளிக்கூடம் முடிந்து, மாமியைப் பார்த்து, விடைத்தாள் திருத்தி முடிய, குரக்கன் புட்டைத் தவிர வேறு வைராக்கியத்துக்கு எனக்குத் தென்பில்லை.

சுன்னாகம் பாமசி:
குரக்கனும் மாச்சத்துத்தான் ரீச்சர், அளவாக. ஊசி போட்டால் நிறையோடு தசையும் கரையும், அதனால் மீன், முட்டை, பயறு, கடலையை முதலில் சாப்பிட்டுவிட்டுப் புட்டுக்குப் போங்கோ. சத்தியோ வயிற்றுப்போக்கோ வந்தால் தண்ணீர் விடாமல் குடிக்க வேண்டும், புரதம் போகிற சிறுநீரகம் காய்ந்துவிடக் கூடாது. மேல்வயிற்றில் விடாமல் குத்தி முதுகுக்குப் போனால் பொறுத்துப் பார்க்காமல் உடனே பெரியாஸ்பத்திரிக்கு, கணையமாக இருக்கலாம். குடும்பத்தில் தைரொய்ட் புற்றுநோய் யாருக்காவது இருந்ததா என்றும் டொக்டரிடம் சொல்லுங்கோ.

கண் எப்போது காட்டினீர்கள்?

கொக்குவில் ரீச்சர்:
கண் காட்டிக் கன வருடம். கண்ணாடி மாற்றியதோடு சரி. ஏன்?

சுன்னாகம் பாமசி:
சீனி திடீரென்று இறங்கும்போது ஏற்கெனவே பழுதான விழித்திரை இன்னும் மோசமாகலாம். ஒரு ஆய்வில் ஊசி போட்டவர்களில் 3 வீதத்துக்குக் கண் சிக்கல் வந்தது, மற்றவர்களில் 1.8 வீதம். பத்து வருடச் சீனி, 9.1 என்றால் துளி விட்டு விழித்திரையைப் பார்த்த பிறகுதான் முதல் ஊசி. என் கருத்து இது.

நாவற்குழி ஐயா:
சரி. நான் இன்னும் எதிர்க்கட்சிதான். ஆனால் கண் பார்ப்பதில் உடன்பாடு. போடுவதென்றால் ஒரு வருடச் செலவை எழுதிப் பாருங்கோ தங்கச்சி. அந்தத் தொகை சம்பளத்தில் இருந்து வருமென்றால் போடுங்கோ. தம்பி அனுப்புவான் என்ற கணக்கென்றால் வேண்டாம்.

ஸ்காபரோ தம்பி:
ஐயா என்னைத்தான் குத்துகிறார். சரி, பேனை கொண்டு வரவில்லை. சீனி பார்க்கிற ஸ்ட்ரிப் கொண்டு வரட்டோ?

வல்வை அக்கா:
அதைக் கொண்டு வா. முதல் சில மாதம் அடிக்கடி குத்திப் பார்க்க வேண்டி வரும், இங்கே ஸ்ட்ரிப் என்ன விலை தெரியுமே.

சுன்னாகம் பாமசி:
ரீச்சரின் மெஷின் எந்த மொடல் என்று கேட்டு வாங்குங்கோ தம்பி. ஒரு மெஷினின் ஸ்ட்ரிப் மற்றதற்குப் போடேலாது. திகதியையும் பாருங்கோ.