அம்மாவோட சவுண்ட் பாக்ஸுக்கு வாடகை பிடிக்கிறாங்க, வழி சொல்லுங்க

வணக்கம். அம்மா கடலூர் முதுநகர்ல மீன் விக்கிறாங்க. போன வருஷம் ஒரு பேமென்ட் கம்பெனி ஏஜென்ட், "வாடகையே கிடையாதும்மா"ன்னு, போன்ல பணம் வந்தா எவ்வளவுன்னு சத்தமா சொல்ற சவுண்ட் பாக்ஸ் குடுத்துட்டுப் போனார். செதில் தெறிக்காம பாலித்தீன் கவர்ல சுத்தி, தராசு பக்கத்துலயே வச்சிருக்காங்க. எழுத்துக் கூட்டிப் படிக்கிற அம்மாவுக்கு அந்தக் குரல்தான் கணக்குப்பிள்ளை.

போன மாசம் பாஸ்புக் பதிஞ்சப்பதான் தெரிஞ்சுது, மாசம் 125 ரூபாய் எடுத்திருக்காங்க. எட்டு மாசமா! கேட்டா, "ஆப்ல ஒப்புதல் குடுத்திருக்கீங்க"ங்கிறாங்க. அதை அழுத்தினது ஏஜென்ட் விரல், அம்மா விரல் இல்ல. விதிமுறை முழுக்க இங்கிலீஷ். ஆயிரம் ரூபாய் அவங்களுக்குச் சில்லறை. அம்மாவுக்கு அது ஏலத்துல கூடை எடுக்கிற காசு.

கம்பெனிக்கு மெயில் போட்டு 12 நாள் ஆச்சு. 1915 நுகர்வோர் உதவி எண்ணுலயும் பதிஞ்சாச்சு. 30 நாள்ல பதில் இல்லைன்னா ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளர்கிட்ட போகலாம்னு இருக்கேன், அதுக்குக் கட்டணம் இல்ல.

இந்த மாதிரி பணத்தைத் திரும்ப வாங்கினவங்க யாராவது இருக்கீங்களா? வாய்வார்த்தைக்கு என்ன ஆதாரம் காட்டினீங்க? பிடித்தத்தை நிறுத்த பேங்க்ல எழுதிக் குடுத்தா போதுமா? அடுத்த பிடித்தம் 5-ம் தேதி, அதுக்குள்ள சொன்னா பெரிய உதவி. பக்கத்துக் கடை அக்காங்க நாலு பேருக்கும் இதே கதைதான்.