ஒன்பது வருஷம் நின்ற ஆர்எக்ஸ் 100: எஞ்சினை எந்த அளவுக்குப் பிரிக்கணும்?

சைடுஸ்டாண்டு:
1993 மாடல் யமஹா ஆர்எக்ஸ் 100. ஒன்பது வருஷமா மாட்டுக்கொட்டகை ஓரத்துல தார்ப்பாய்க்கு அடியில நிக்குது. கிக்கர் இறங்கவே இல்ல. டேங்குக்குள்ள துரு, அடியில பழைய பெட்ரோல் பிசின் மாதிரி ஒட்டிக் கிடக்கு. ஆட்டோலூப் பம்ப் (எஞ்சினுக்கு ஆயிலைத் தானா அனுப்பற பம்ப்) இருக்கு, வேலை செய்யுதான்னு தெரியல. ஸ்பேனர் செட், சாக்கெட் செட், மல்டிமீட்டர் கையில இருக்கு. லேத் வேலையை மட்டும் வெளியில கொடுத்துட்டு மத்ததை வீட்டிலேயே செய்யணும். ப்ளக் மாத்தி, டேங்கைக் கழுவி, ஸ்டார்ட் ஆச்சுன்னா பெயிண்ட் வேலைக்குப் போகலாம்னு திட்டம். சரியா வருமா?

லேத்பட்டறை:
தம்பி, அந்த வரிசையில போனா வண்டி ஸ்டார்ட் ஆகும், ஒரே வாரத்துல சீஸ் ஆகும், அதாவது பிஸ்டன் சிலிண்டர்ல இறுகிடும். நின்ன டூ ஸ்ட்ரோக்கைக் கெடுக்கிறது ப்ளக்கோ டேங்கோ இல்ல, கிராங்க் ஆயில் சீல். கிராங்க் தண்டோட ரெண்டு பக்கமும் காத்து, ஆயில் புகாம அடைக்கிற ரப்பர் வளையம் அது. வருஷக்கணக்கா நின்னா ரப்பர் உதடு காய்ஞ்சு விறைச்சிடும். மேக்னட் (கரன்ட் உண்டாக்கற சக்கரம்) பக்க சீல் போனா அந்த வழியா காத்து உள்ளே இழுக்கும். காத்து கூடினா பெட்ரோல் விகிதம் குறையும், சூடு ஏறும், பிஸ்டன் கடிக்கும். ஐடிலிங் தானா ஏறி இறங்காம நின்னா இதைத்தான் முதல்ல சந்தேகப்படணும். கிளட்ச் பக்க சீல் போனா கியர் ஆயிலை உறிஞ்சும்: சூடான பிறகும் நிக்காத வெள்ளைப் புகை, கியர் ஆயில் லெவல் இறங்கிக்கிட்டே இருக்கும்.

செலவு செய்யறதுக்கு முன்னாடி ஆர்சியைப் பாருங்க. 15 வருஷம் தாண்டின வண்டிக்கு படிவம் 25 கொடுத்து, ஆய்வுக்கு வண்டியைக் காட்டி, 5 வருஷத்துக்குப் புதுப்பிக்கணும். எஞ்சின் நம்பரும் சேஸிஸ் நம்பரும் ஆர்சியோட எழுத்துக்கு எழுத்து ஒத்துப் போகணும். ஆர்எக்ஸ் 100-க்கு இரண்டுமே 1எல்1-னு தொடங்கும். பெயிண்ட் எடுக்கிறவர் ஹேண்டில் கழுத்துல இருக்கிற நம்பர் மேல கிரைண்டர் வச்சுடாம டேப் ஒட்டிக் கொடுங்க. அது தேய்ஞ்சா வண்டிக்கு விலையே இல்ல.

கிக்கரை மிதிக்காதீங்க, கிக் கியர் பல் உடையும். ப்ளக்கைக் கழட்டி, டீசலும் 2டி ஆயிலும் (டூ ஸ்ட்ரோக் எஞ்சின் ஆயில்) சரிபாதி கலந்து 30 மி.லி. ஊத்தி இரண்டு நாள் விடுங்க. பிறகு 4-வது கியர்ல போட்டு பின் சக்கரத்தை முன்னும் பின்னும் மெதுவா ஆட்டுங்க. அசைஞ்சா உடனே முழுசா சுத்த வேண்டாம். இன்னும் கொஞ்சம் ஆயில் விட்டு ஒரு நாள் பொறுங்க. சிலிண்டரைத் தூக்கும்போது கிராங்க் வாயில சுத்தமான துணியை அடைச்சுக்கோங்க. துருத்தூள் பிக் எண்ட் பேரிங்குல (கனெக்டிங் ராடோட கீழ் முனை) விழுந்தா கிராங்கே போச்சு. கனெக்டிங் ராடை நேர் மேலும் கீழும் இழுத்துப் பாருங்க. பக்கவாட்டு ஆட்டம் இருக்கலாம், மேல் கீழ் ஆட்டம் துளிகூட இருக்கக்கூடாது.

2டி_புகை:
டேங்குக்கு டாய்லெட் ஆசிட் ஊத்தச் சொல்லி யாராவது சொல்வாங்க, கேக்காதீங்க. அது நல்ல தகட்டையும் தின்னும், காயறதுக்குள்ள மறுபடி துரு பூக்கும். பெட்ரோல் திறந்து மூடற டேப்பைக் கழட்டி அந்த வாயை ரப்பர் வச்சு அடைங்க. பழைய செயின் ஒரு முழம் உள்ளே விட்டு, ஒரு முனையைக் கம்பியில கட்டி வெளியில பிடிச்சுக்கிட்டு குலுக்குங்க. நட்டு, போல்ட் போட்டுக் குலுக்கினா எண்ணிப் போட்டு எண்ணி எடுக்கணும். அப்புறம் சிட்ரிக் ஆசிட், மளிகைக் கடையில எலுமிச்சை உப்புன்னு கேட்டா கிடைக்கும். ஒரு லிட்டர் சுடுதண்ணிக்கு 100 கிராம், கழுத்து வரைக்கும் நிரப்பி ஒரு ராத்திரி. காலையில கொட்டிட்டு சமையல் சோடா தண்ணியில அலசி, நல்ல தண்ணியில அலசி, ஹேர் டிரையர்ல காய வைங்க. காய்ஞ்ச கையோட 2டி ஆயில் கலந்த பெட்ரோல் அரை லிட்டர் விட்டு எல்லாப் பக்கமும் புரட்டுங்க. ஊசித்துளை தெரிஞ்சா பித்தளைப் பத்துதான் (பித்தளையை உருக்கி அடைக்கிறது) நிக்கும். பெட்ரோல் ஆவி இருக்கிற டேங்கை நெருப்புப் பக்கம் கொண்டு போகாதீங்க. தண்ணி நிரப்பி வச்சுத்தான் பத்து வைக்கணும்.

பெட்ரோல் ஹோஸ், ஃப்ளோட் நீடில், கார்புரேட்டர் வாஷர் எல்லாத்தையும் மாத்துங்க. இப்ப பங்க்ல வர்றது 20 சதவீதம் எத்தனால் கலந்தது, 90-களோட ரப்பர் அதுல ஊறி உப்பிடும். பைலட் ஜெட் (ஐடிலிங்குக்குப் பெட்ரோல் விடற ஜெட்) துளையைக் கம்பியால குத்தினா பெரிசாயிடும். கார்புரேட்டர் கிளீனர்ல ஊறவச்சு காத்து அடிச்சாப் போதும்.

சைலன்சர் முனையில ஒரு ஸ்குரூ எடுத்தா உள்குழாய் வெளிய வரும். கரியைச் சுட்டுத் தட்டுங்க. எக்ஸாஸ்ட் போர்ட் (சிலிண்டர்ல புகை வெளிய போற வாய்) கரிக்கு மூங்கில் குச்சி போதும், ஸ்குரூ டிரைவர் வேண்டாம்.

ஆட்டோலூப் பம்ப்பை எடுத்து வீசிட்டு கலந்து ஊத்துங்க. ஒரு லிட்டருக்கு 40 மி.லி., ரன்னிங் (எஞ்சின் படியற முதல் ஓட்டம்) முடிஞ்சதும் 30. மனசு நிம்மதி.

லேத்பட்டறை:
இதை நான் ஒத்துக்கமாட்டேன். பம்ப் த்ராட்டிலுக்கு ஏத்த மாதிரி ஆயிலைக் கூட்டிக் குறைக்கும், கலந்து ஊத்தினா எப்பவும் ஒரே அளவுதான். பம்ப்ல காத்து எடுக்க ஒரு ஸ்குரூ இருக்கு. அதைத் தளர்த்தி, குமிழி இல்லாம ஆயில் வர்ற வரைக்கும் விட்டு முறுக்குங்க. ஆக்சிலேட்டர் கேபிளோட பம்ப் கேபிள் குறி ஒத்துப் போகணும். ஆயில் வந்து சேருதான்னு உறுதியாகத் தெரியற வரைக்கும் முதல் டேங்குக்கு மட்டும் லிட்டருக்கு 20 மி.லி. கலந்து ஊத்துங்க. அதிகமா புகையும், பரவாயில்ல. பம்ப்பை எடுத்தே ஆகணும்னா, ஆயில் குழாய் வந்து சேர்ற முனையை மறக்காம அடைங்க. அது திறந்து கிடந்தா அதுவும் ஒரு காத்து ஓட்டைதான்.

சைடுஸ்டாண்டு:
அண்ணே, மூணாவது நாள் அசைஞ்சு கொடுத்துடுச்சு. சிலிண்டர்ல பாதி உயரத்துல ரிங் நின்ன இடம் துருக்கோடா தெரியுது, நகத்துல தட்டுது. கனெக்டிங் ராடுல மேல் கீழ் ஆட்டம் இல்ல. சீல் போயிருக்கான்னு பார்க்க வழி உண்டா, இல்ல கண்ணை மூடிக்கிட்டு மாத்தணுமா? இன்னொன்னு, ப்ளக்குல கரன்ட் (ஸ்பார்க்) வரல.

லேத்பட்டறை:
நகத்துல தட்டினா ரீபோர்தான், அதாவது சிலிண்டரைக் கொஞ்சம் பெரிசாக் கடைஞ்சு அதுக்கேத்த பிஸ்டன் போடணும். முதல்ல பிஸ்டன் வாங்கி, அதையும் சேர்த்து லேத்துல கொடுங்க. அந்தப் பிஸ்டனை அளந்துதான் போர் போடணும், டப்பா மேல இருக்கிற நம்பரை வச்சு இல்ல. ஸ்டாண்டர்டு 50 மி.மீ., அதுக்கு மேல 0.25 படியா ஏறும். துரு போற அளவுக்கு மட்டும் ஏறுங்க, எடுத்த உடனே 1.00-க்குப் போனா அடுத்த தடவைக்கு லைனர்தான் (சிலிண்டரோட உள்குழாய்) மாத்தணும். போர் போட்ட பிறகு போர்ட் ஓரங்களை மழுக்கித் தரச் சொல்லுங்க. நிறைய இடத்துல இதை விட்டுடறாங்க. கூர்மையா விட்டா ரிங் மாட்டி உடையும்.

பூட்டும்போது பிஸ்டன் மேல இருக்கிற அம்புக்குறி எக்ஸாஸ்ட் பக்கம். ரிங் வாய் ரெண்டும் அந்தந்தப் பின்ல உக்காந்திருக்கணும், இல்லாம சிலிண்டரை அமுக்கினா ரிங் முறியும். சர்க்ளிப் புதுசுதான். ஹெட் நட்டைக் குறுக்கா, மூணு தவணையா முறுக்குங்க. முதல் சூடு ஆறினதும் மறுபடி ஒரு தடவை.

பூட்டின பிறகு சீல் சோதனை. கார்புரேட்டரையும் சைலன்சரையும் எடுத்துட்டு பிஸ்டனைக் கீழே நிறுத்துங்க. எக்ஸாஸ்ட் வாயைப் பழைய டியூப் ரப்பரால இறுக்கி அடைங்க. இன்டேக்குக்கு, சைக்கிள் டியூப்ல வால்வு இருக்கிற துண்டை வெட்டிக் கட்டி, வால்வு ஊசியைக் கழட்டிட்டு அதுல பிபி பார்க்கிற கருவியோட பல்பையும் மீட்டரையும் மாட்டி முள் 250 காட்டற வரைக்கும் காத்து ஏத்துங்க. ஆறு நிமிஷம் முள் இறங்காம நின்னா கவலையில்ல. இறங்கினா சோப்புத் தண்ணி: மேக்னட் உள்பக்கம், சிலிண்டர் அடி கேஸ்கெட், ஹெட், இன்டேக் ரப்பர். கிளட்ச் பக்க சீலைக் கண்ணால பார்க்க முடியாது. கியர் ஆயில் ஊத்தற வாய்ல சோப்புப் படலம் போடுங்க, அது பலூன் மாதிரி உப்பினா அந்த சீல் போச்சு. மேக்னட் பக்க சீலை புல்லர் போட்டு மேக்னட்டை எடுத்தா வெளியில இருந்தே மாத்தலாம். கிளட்ச் பக்கத்துக்குக் கிராங்க் கேஸைப் பிளக்க வேண்டி வரலாம். அப்படிப் பிளந்தா பேரிங்கையும் சேர்த்து மாத்திடுங்க.

2டி_புகை:
கரன்டுக்கு: இந்த சிடிஐ (ஸ்பார்க் கொடுக்கிற பெட்டி) மேக்னட் கரன்ட்ல ஓடும், பேட்டரி இல்லாமலே ஸ்பார்க் வரணும். சிடிஐ-க்குப் போற கறுப்பு-வெள்ளை வயரை மட்டும் கழட்டிட்டு ப்ளக்கைப் பாருங்க. வந்தா சாவி சுவிட்ச் பக்கம் எர்த் ஆகுது. வரலைன்னா மேக்னட்டைக் கழட்டும்போதே காயில் வயர் இத்துப் போச்சான்னு பாருங்க, மேக்னட் உள்பக்கத் துருவையும் துடைச்சுடுங்க.

ஓட ஆரம்பிச்சதும் முதல் 500 கி.மீ. அரை த்ராட்டிலுக்கு மேல வேண்டாம், ஒரே வேகத்துல இழுத்துப் பிடிச்சும் ஓட்டாதீங்க. ஒவ்வொரு 100 கி.மீ.க்கும் ப்ளக்கைக் கழட்டிப் பாருங்க. காப்பித்தூள் நிறம் சரி. வெளுத்திருந்தா அன்னிக்கே வண்டியை நிறுத்திட்டு காத்து எங்க ஏறுதுன்னு தேடுங்க. எங்கயும் இல்லைன்னா மெயின் ஜெட்டை ஒரு அளவு ஏத்துங்க.