பால் பைத்தான் (வீட்டில் வளர்க்கும் சின்ன மலைப்பாம்பு) குட்டிக்கு முட்டையிலேயே மார்ஃப், அதாவது மரபணுவால் வரும் நிற, கோல வகை, சொல்ல முடியுமா? உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்

செந்தூல்வாசி:
என்னுடையது பாஸ்டல் மார்ஃப் பெண், ஆண் பாம்பு நண்பருடைய மொஜாவே மார்ஃப். குட்டிகள் முட்டையைக் கீறித் தலையை நீட்டியதுமே அவர் வந்துவிட்டார், ஈரம்கூடக் காயவில்லை, "இது பாஸ்டல் மொஜாவே, இது வெறும் பாஸ்டல்" என்று பெயர் வைத்துத் தன் பங்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார். எனக்கு விட்டுப்போன ஒரு "வெறும் பாஸ்டல்" முதல் சட்டை உரித்த பிறகு ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தேன். இடது பக்கத் திட்டுகள் எல்லாவற்றிலும் மொஜாவேக்கு இருக்கிற மாதிரி ஒற்றைப் புள்ளி, வலது பக்கம் திருப்பினால் சாதாரணப் பாம்பு மாதிரி இரண்டிரண்டு புள்ளி. இப்படி யாராவது பார்த்திருக்கிறீர்களா? தினமும் எடுத்துப் பார்க்கிறேன், மனசு ஒரு முடிவுக்கு வரமாட்டேன் என்கிறது.

பட்டர்வொர்த் மணி:
அண்ணே, ஈரமாக இருக்கும்போது பெயர் சொல்வதே தப்பு. முதல் சட்டை உரிக்கட்டும், ஒன்று இரண்டு வாரம் பொறுத்தால் நிறம் தெளிந்துவிடும். எங்களிடம் மொஜாவேக்கு மொஜாவே சேர்த்து ஒரு வெள்ளைக் குட்டி வந்தது, நீலக்கண், தலையில் மட்டும் சாம்பல் படிந்த மாதிரி. வாங்க வந்தவர் தலையை விரலால் தேய்த்துப் பார்த்து, அழுக்கு என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். சூப்பர் மொஜாவேக்கு, அதாவது தாய் தகப்பன் இரண்டிடமிருந்தும் மொஜாவே மரபணு வந்த குட்டிக்கு, தலை அப்படித்தான் இருக்கும் என்று சொல்லியும் கேட்கவில்லை. அந்த விரல் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

ஜெலுத்தோங் அக்கா:
மணி, முதல் சட்டையோடு எல்லாம் தெளிந்துவிடும் என்று சொல்லாதீர்கள். பனானா என்ற மார்ஃபுக்குக் கரும்புள்ளிகள் வளர வளரத்தான் வரும். பாஸ்டல் பல சமயம் வயதாக ஆகப் பழுப்படித்துவிடும். நான் சொல்ல வந்தது வேறு. ஒரு வீட்டில் பம்பிள்பீ குட்டி பொரித்தது, அதாவது பாஸ்டலும் ஸ்பைடர் என்ற மார்ஃபும் சேர்ந்தது, அப்படி ஒரு மஞ்சள். எல்லாரும் "பம்பிள்பீ, பம்பிள்பீ" என்று கைப்பேசியைத் தூக்கினார்கள். குட்டி தலையை நேராக நிறுத்த முடியாமல் வானத்தைப் பார்த்துத் திருகிக்கொண்டே இருந்தது. ஸ்பைடர் மரபணுவோடு வருகிற ஆட்டம் அது, நிறத்தை மட்டும் தனியாக எடுத்துக்கொள்ள முடியாது. ஸ்பைடரைச் சேர்க்கவே சேர்க்காதீர்கள் என்று நான் எங்கே போனாலும் சொல்வேன்.

பாயான் லெப்பாஸ்காரன்:
எங்கள் பினாங்கு பாம்புக் கோயிலில் இருக்கிற வாக்ளர் விரியனைப் பாருங்கள், குட்டியில் ஆணும் பெண்ணும் பச்சை, வளர்ந்தால் பெண் கறுத்து மஞ்சள் பட்டை போடும், ஆண் பச்சையாகவே இருக்கும். சின்ன வயதில் கோயிலில் அதை இரண்டு வேறு பாம்பு என்றே நினைத்திருந்தேன்.

செந்தூல் அண்ணே, ஒன்று சொல்கிறேன். மஞ்சள் பல்பின் கீழ் படம் எடுக்காதீர்கள், எந்தக் குட்டியும் பாஸ்டலாகத் தெரியும். பகல் வெளிச்சத்தில் முதுகு, இரண்டு பக்கம், தலை, வயிற்றோரம் எல்லாம் எடுங்கள், யெல்லோ பெல்லி மார்ஃப் இருந்தால் வயிற்றோரத்துக் கட்டங்களில்தான் பிடிபடும். ஃபயர் மார்ஃபா வெனிலா மார்ஃபா என்று கேட்டால் பழகினவர்களே திணறுவார்கள், அதனால் தாய் தகப்பன் என்ன மார்ஃப் என்று எழுதி வைத்திருப்பதுதான் பாதி விடை. தகப்பன் மட்டும் மொஜாவே என்றால் குட்டி மொஜாவேயாக வரப் பாதிக்குப் பாதி வாய்ப்பு என்ற கணக்கு ஒவ்வொரு முட்டைக்கும் தனித்தனி, மொத்தக் குட்டிகளில் சரிபாதி மொஜாவே வரும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. பைட், கிளவுன், அல்பினோ மாதிரி ஒடுங்கிய மரபணுவை (தாய் தகப்பன் இருவரிடமிருந்தும் வந்தால்தான் வெளியே தெரியும்) ஒற்றையாகச் சுமக்கும் குட்டியைப் பார்வையால் உறுதியாகச் சொல்ல முடியாது, யார் சொன்னாலும் அதற்குக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள். உரித்த சட்டையைக் காயவைத்து உறையில் போட்டு வையுங்கள், வெளிநாட்டு ஆய்வகங்களில் சில மரபணுக்களுக்குச் சட்டையிலேயே சோதனை உண்டு. அப்புறம், கைமாற்றும்போது பெர்ஹிலித்தான் (மலேசிய வனவிலங்குத் துறை) உரிமம் பற்றி முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

பட்டர்வொர்த் மணி:
அக்கா, பனானா பற்றி நான் பேசவே இல்லை, அண்ணன் கேட்டது மொஜாவே. மொஜாவேக்குத் திட்டு குட்டியிலேயே தெரியும்.

செந்தூல்வாசி:
திட்டு தெரிகிறது மணி, இடது பக்கம் மட்டும்தான் தெரிகிறது. சட்டை என்னிடம் இருக்கிறது. ஆய்வகம் எது என்று யாராவது சொன்னால் அனுப்பிவிடுகிறேன்.