பழைய 61 விசை மெக்கானிக்கல் கீபோர்டு: ழ வரவில்லை, ட இரட்டிக்கிறது. வாங்கலாமா?

குடந்தை அச்சு:
வணக்கம். கும்பகோணத்தில் வீட்டிலேயே டிடிபி வேலை. கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ், அவ்வப்போது பத்திரம். பழைய கீபோர்டு மேசையில் பாதியை அடைத்துக்கொள்வதால் சின்னதாக ஒரு மெக்கானிக்கல் (ஒவ்வொரு விசைக்கும் தனிச் சுவிட்ச் உள்ள கீபோர்டு) தேடினேன். தஞ்சாவூரில் ஒரு கல்லூரி மாணவர் 61 விசை உள்ளதை 1,600 ரூபாய்க்குத் தருகிறார். பிரவுன் சுவிட்ச் (அழுத்தும்போது விரலில் லேசாகத் தட்டுப்படும் வகை), ஹாட் ஸ்வாப் (சால்டர் இல்லாமல் சுவிட்சைக் கழற்றி மாற்றலாம்). பழைய பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் லேப்டாப்பில் செருகி, ஆங்கிலத்தில் என் பெயரும் ஊரும் அடித்துப் பார்த்தேன், நன்றாகத்தான் இருந்தது. 500 ரூபாய் முன்பணம் வாங்கிக்கொண்டு, "ரெண்டு நாள் வச்சுப் பாருங்கண்ணா" என்று கொடுத்தனுப்பினார். நல்ல பையன்.

வீட்டில் தமிழ் 99 விசை அமைப்பில் ஒரு குடமுழுக்கு நோட்டீஸ் அடிக்க உட்கார்ந்தேன். முதல் வம்பு, 'குட' என்று அடித்தால் சில சமயம் 'குட்ட' என்று விழுகிறது. கோயில் நோட்டீஸில் இப்படிப் போனால் என் கதி என்ன? இரண்டாவது, ழ வரவே இல்லை. 'மு' வரை வந்து ழ-வைத் தட்டினால் கர்சர் மேல் வரிக்கு ஓடிவிடுகிறது. மிச்சம் 'உக்கு' என்று அங்கே போய் விழுகிறது. கீபோர்டு கோளாறா, மென்பொருள் கோளாறா? நாளைக்குள் அவருக்குப் பதில் சொல்ல வேண்டும்.

மாயவரத்தான்:
ழ கெடவில்லை சார். தமிழ் 99-இல் ழ இருப்பது சாய்கோட்டு (/) விசையில். 61 விசையில் அம்புக்குறிகளுக்குத் தனி இடம் கிடையாது. சில மாடல்களில் மேல் அம்பைச் சாய்கோட்டின் தலையிலேயே கட்டியிருப்பார்கள். இரண்டில் எது முதலில் வேலை செய்யவேண்டும் என்பதை எஃப்என் (Fn) விசையோடு இன்னொன்றைச் சேர்த்து அழுத்தி மாற்றலாம். விசையின் முகத்தில் சின்னதாக அம்பு அச்சடித்திருக்கிறதா பாருங்கள். கேம் ஆட அவர் மாற்றி வைத்திருப்பார். எதை அழுத்துவது என்று அவரிடமே கேளுங்கள்.

ஆங்கிலத்தில் அடிப்பவருக்கு அது எப்போதாவது தொடும் விசை, நமக்கு அது ஓர் எழுத்து. ச, ஞ, ந, ய நான்கும்கூட அடைப்புக்குறி, அரைப்புள்ளி, மேற்கோள் விசைகளில்தான் இருக்கின்றன. கீபோர்டு அளவை முழு கீபோர்டில் இத்தனை சதவீதம் என்று சொல்வார்கள். அதனால் இதைவிடச் சின்னதாக, 40 சதவீதம் என்று யாராவது காட்டினால் விலையே கேட்காதீர்கள்.

வேதை உப்புக்காற்று:
ட விஷயம்தான் நிஜமான கோளாறு. தமிழ் 99-இல் ட இருப்பது ஆங்கில ஓ விசையில். சுவிட்சுக்குள் தகடு சரியாகத் தொடாமல் அதிர்வதால், ஒரு அழுத்தம் இரண்டாகப் போகிறது. சாட்டரிங் என்பார்கள். ஆங்கிலத்தில் இரண்டு ஓ நின்றால் உடனே கண்ணில் படும். தமிழ் 99 அப்படி விடாது. ஒரே மெய் இரண்டு தடவை வந்தால் முதலாவதற்குத் தானே புள்ளி வைத்துவிடும். படம் பட்டமாகும். இரண்டும் நல்ல சொல் என்பதால் பிழைதிருத்தியும் பேசாமல் இருக்கும். எனக்கு த விசையில் வந்தது. 'பதி' எல்லாம் 'பத்தி' ஆக, ப்ரூஃப் பார்க்கும் வாத்தியார் என் இலக்கணத்தைத் திட்டினார். நானும் கொஞ்ச நாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

இப்படிச் செய்யுங்கள். புளூடூத் வேண்டாம், வயரில் செருகி, நோட்பேடில் ஆங்கிலத்தில் ஓ-வை 50 தடவை எண்ணித் தட்டுங்கள். கூடுதலாக வந்தால், புல்லரால் (சுவிட்ச் பிடுங்கும் இடுக்கி) அந்தச் சுவிட்சை நேராக மேலே இழுத்து, வலது கண்ட்ரோல் சுவிட்சோடு இடம் மாற்றிப் போடுங்கள். கால் இரண்டும் மெல்லிசு. துளையில் நேராக நிற்கிறதா என்று பார்த்த பிறகே அழுத்துங்கள், இல்லாவிட்டால் மடங்கிவிடும். ஓ சரியாகிவிட்டால் கெட்டது சுவிட்ச், சில்லறைச் செலவு. அப்படியும் இரட்டித்தால் சாக்கெட் அல்லது போர்டு. முன்பணத்தைத் திரும்பக் கேளுங்கள். எங்கள் பக்கம் உப்புக்காற்றில் சுவிட்ச் கால் பச்சை பூத்துவிடும், அதையும் பாருங்கள்.

ஆரூர் அக்கா:
கோளாறு சரியானாலும் 61 வேண்டாம் தம்பி. பேஜ் செட்டிங்கில் எழுத்தையும் படத்தையும் நூல் அளவு நகர்த்த அம்புக்குறி வேண்டும். ஒவ்வொரு தடவையும் எஃப்என் பிடித்தால் விரல் போய்விடும். 65 சதவீதம் என்று தேடுங்கள், 67 அல்லது 68 விசை, அம்பு தனியாக இருக்கும். அகலமும் அநேகமாக ஒரு விசைதான் கூடும்.

குடந்தை அச்சு:
எல்லாருக்கும் நன்றி. சாய்கோட்டு விசையில் அம்பு இருந்தது, நான்தான் கவனிக்கவில்லை. போன் போட்டேன், சிரித்துக்கொண்டே சொன்னார், அழுத்தினேன், ழ வந்துவிட்டது. ஓ-வை 50 தடவை தட்டியதில் 57 வந்தது. கழற்றிப் பார்த்தால் ஒரு கால் லேசாகக் கறுத்திருந்தது. இடம் மாற்றினேன், இப்போது 50-க்கு 50. கெட்டது வலது கண்ட்ரோலில் இருக்கிறது, அதை நான் தொடுவதே இல்லை. 1,400-க்குப் பேசி முடித்தாயிற்று.

அக்கா சொன்னது இன்று காலையே உறைத்தது. நோட்டீஸில் கோபுரப் படத்தை நகர்த்தப் பழைய கீபோர்டையும் செருகி வைத்திருக்கிறேன். மேசையில் இப்போது இரண்டு.