கனடா குளிருக்குத் தேனீப் பெட்டி ரெடி பண்றது, அவங்கவங்க அனுபவம் சொல்லுங்க

நான் ஒன்டாரியோ. தெரிஞ்ச ஆளின்ர பாமில பெட்டியள் வச்சிருக்கிறன். இஞ்ச கனபேர் ஒக்ரோபரில கறுப்பு உறை சுத்துறதைத்தான் விண்டர் வேலை எண்டு நினைக்கினம், என்னைக் கேட்டா அது ஓகஸ்டிலயே துவங்கீடும். கோடை ஈக்கு ஆறு கிழமைதான் ஆயுள், செப்ரெம்பரில பொரிக்கிறது ஏப்ரல் மட்டும் தாக்குப்பிடிக்கோணும், அதைப் புழுவா இருக்கேக்கையே வரோவா உண்ணி பிடிச்சிட்டுதெண்டால் பிறகு எத்தனை உறை சுத்தி என்ன. அதால தேன் எடுத்த கையோட அரைக் கப் ஈயை, கிட்டத்தட்ட 300 வரும், அல்ககோலில போட்டுக் குலுக்கி உண்ணி எண்ணுவன். பாவம்தான். 9க்கு மேல விழுந்தா உடன மருந்து. பிறகு குளிர்காலச் சாப்பாட்டுக்குச் சீனிப்பாணி, ரெண்டு பங்கு சீனி ஒரு பங்கு தண்ணி, குளிர் இறங்க முதல் குடுத்து முடிக்கோணும், இல்லாட்டி அதுகளால தண்ணியை வத்தப்பண்ணேலாது. பெட்டியைப் பின்பக்கம் ஒரு கையால தூக்கிப் பாப்பன், லேசா எழும்பினா சாப்பாடு இன்னும் காணாது.

---

அண்ணா நான் மனிடோபா, பெரிய பண்ணை ஒண்ணுல வேலை. இங்க மைனஸ் 30 எல்லாம் போகும், அதனால நவம்பர் வாக்குல பெட்டியெல்லாம் ஷெட்டுக்குள்ள அடுக்கிடுவோம், 4-5 டிகிரி, வசந்தம் வரைக்கும் கும்மிருட்டு. ஈங்க சூட்டுலயே ஷெட் சூடாயிடும், ஃபேன் நின்னாதான் பயம், கரண்ட் போனா முதலாளிக்குத் தூக்கம் போச்சு 😀 உள்ள போறப்ப சிவப்பு லைட்தான், அது ஈ கண்ணுக்குத் தெரியாது. ஆனா உண்ணி மேட்டர் நூத்துக்கு நூறு. 2021-22 குளிர்ல கனடா முழுக்க கிட்டத்தட்ட பாதிக் கூடு போச்சே, ஷெட்டுல வச்சதும் தப்பல. அதுக்கு முன்னாடி 2021 வசந்தம் சீக்கிரம் வந்ததுல உண்ணி பெருக நாள் கூடக் கிடைச்சிருச்சு.

---

ஷெட் வசதி இல்லாம வெளிலயே வைக்கிறவங்களுக்கு ஒண்ணு. மேல சின்னதா ஒரு ஓட்டை விடுங்க, இல்லன்னா உள்ள இருக்கிற ஈரக்காத்து மூடில பட்டுத் தண்ணியாகி ஈக்கூட்டத்து மேலயே சொட்டும், நனைஞ்ச ஈ அந்தக் குளிர்ல தாங்காது. கீழ் வாசலுக்கு எலித் தகரம் கண்டிப்பா வேணும், அதையும் குளிர் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே அடிச்சிடுங்க, லேட் பண்ணா எலியை உள்ள வச்சே அடைச்சிடுவீங்க.