இசைத் தொடர்நிலை: ‘கான்செப்ட் ஆல்பம்’ என்பதற்கு ஒரு சொல்

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

தனித்தனிப் பாட்டுகளாக இல்லாமல் ஒரே பொருளைத் தொடக்கம் முதல் முடிவுவரை கொண்டு செல்லும் இசைத்தட்டைத்தான் ‘கான்செப்ட் ஆல்பம்’ என்கிறார்கள். அதற்கு இந்த இழையில் இதுவரை மூன்று சொற்கள் வந்திருக்கின்றன: கருத்துத் தொகுப்பு, கருப்பொருள் இசைத்தொகுப்பு, இசைக்கோவை. மூன்றும் பொருந்தவில்லை என்பது என் எண்ணம். நான்காவதாக ஒன்றை முன்வைக்கிறேன். காரைக்குடியில் இசைஞர்கள் ஐவர் சேர்ந்து செய்து முடித்திருக்கும் மின்னிசைத் தட்டின் உறையில் இந்தச் சொல் அச்சேறப் போகிறது. அதனால் சற்று நீட்டியே எழுதுகிறேன்.

முதலில் அந்தத் தட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஒரு செட்டிநாட்டு வீட்டுக்குள் தெருவாசலில் நுழைந்து பின்வாசல் வழியாக அடுத்த தெருவில் இறங்குவதுதான் அதன் பொருள். முகப்பு, வளவு (வானம் தெரியும் நடுமுற்றம்), இரண்டாங்கட்டு (அதற்கு அடுத்த உள்கட்டு), அடுப்படி, பின்வாசல் என்று ஐந்து பகுதிகள். பாட்டு இல்லை, பேச்சும் இல்லை. பதிவு செய்த ஓசைகளும் மின்கருவிகளும் மட்டுமே. முட்டை வெள்ளைக்கருவும் சுண்ணாம்பும் சேர்த்து மெருகேற்றிய சுவர்களுக்கு நடுவே, முகப்பில் ஒரு கைதட்டல் நெடுநேரம் தங்குகிறது. அதே கைதட்டல் வளவில் வானத்தோடு போய்விடுகிறது. இந்த வேறுபாட்டை அவர்கள் எந்தக் கருவியாலும் திருத்தாமல் அப்படியே விட்டிருக்கிறார்கள்.

வளவுப் பகுதியின் முடிவை மட்டும் விரித்துச் சொல்ல வேண்டும். கூரைச் சரிவுகள் கூடும் கூடல்வாயிலிருந்து மழைநீர் பித்தளைக் குடத்தில் விழுகிறது. குடம் நிறைய நிறைய, உள்ளே காற்றுக்கு இடம் குறைந்து ஓசையின் சுருதி ஏறிக்கொண்டே போகிறது. கழுத்தளவு நிறைந்ததும் மின்கருவி அந்தச் சுருதியைப் பிடித்து நிறுத்திக்கொள்கிறது. மழை ஓய்கிறது, சுருதி நிற்கிறது. இரண்டாங்கட்டு அதே சுருதியில்தான் தொடங்குகிறது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனிச் சொற்களுக்கு வருகிறேன்.

> கருப்பொருள் என்ற சொல்லுக்குத் தொல்காப்பியமே சான்று. அதை ஏன் விட வேண்டும்?

ஐயா, தொல்காப்பியம் சான்று என்பதாலேயே அதை விட வேண்டும் என்கிறேன். தெய்வம், உணவு, மா, மரம், புள், பறை, யாழ் இவையெல்லாம் ஒரு நிலத்துக்குரிய கருப்பொருள்கள். அப்படிப் பார்த்தால் குடமும் மழையும் கதவின் முனகலும்தான் இந்தத் தட்டின் கருப்பொருள்கள். எல்லாவற்றையும் ஒன்றாகப் பிடித்து நிறுத்தும் உணர்வுக்கு உரிப்பொருள் என்ற பெயர் தனியே இருக்கிறது. செய்தித்தாள்களில் கருப்பொருள் வேறு பொருளில் நிலைத்துவிட்டது என்பது உண்மைதான். இசையைப் பற்றிப் பேசும்போதாவது, யாழைக் கருப்பொருளாக எண்ணிய மரபுக்கு நாம் மதிப்புக் கொடுக்க வேண்டும்.

கருத்துத் தொகுப்பு என்றால் கருத்தரங்கில் வாசித்த கட்டுரைகள் நினைவுக்கு வருகின்றன. இசைக்கோவை அழகான சொல். ஆனால் பல இசைக்கருவிகளுக்காக எழுதப்படும் இசையமைப்புக்கு அது ஏற்கெனவே வழங்குகிறது. வேலையில் இருக்கும் சொல்லுக்கு இன்னொரு வேலை கொடுக்க வேண்டாம்.

தண்டியலங்காரம் செய்யுளை முத்தகம், குளகம், தொகைநிலை, தொடர்நிலை என்று நான்காகப் பிரிக்கிறது. தனித்து நின்று பொருள் முடிவது முத்தகம். பல பாட்டாக வந்து ஒரு வினையில் முடிவது குளகம். தனித்தனிப் பாட்டுகளை ஏதேனும் ஒரு வகையில் சேர்த்து வைத்தது தொகைநிலை. ஒன்றையொன்று தொடர்ந்து வருவது தொடர்நிலை. தொடர்நிலையிலும் பொருளால் தொடர்வது, சொல்லால் தொடர்வது என்று இரண்டு வகை உண்டு. சொல்லால் தொடர்வதற்கு அந்தாதி எடுத்துக்காட்டு.

நமக்கு வேண்டியது முழுவதும் இங்கே இருக்கிறது. சாதாரண ஆல்பம் தொகைநிலை. கான்செப்ட் ஆல்பம் தொடர்நிலை. நான் முன்வைக்கும் சொல் இசைத் தொடர்நிலை. குடத்தின் சுருதியில் ஒரு பகுதி முடிந்து அதிலேயே அடுத்தது தொடங்குவதால், காரைக்குடித் தட்டு பொருளால் மட்டுமல்லாமல் ஓசையாலும் தொடர்கிறது.

> தொகையும் பொருளால் அமையலாமே! புறநானூறு புறப்பொருள் பற்றியதுதானே?

அம்மா கேட்டது சரியான கேள்வி. பொருள் ஒன்றாக இருப்பது மட்டும் போதாது. வரிசை மாறினால் என்ன ஆகிறது என்று பார்க்க வேண்டும். புறநானூற்றை நடுவில் திறந்து எந்தப் பாட்டையும் படிக்கலாம். சிலம்பில் வழக்குரை காதையை அரங்கேற்று காதைக்கு முன்னால் வைத்தால் காப்பியமே குலைந்துவிடும். மழையைப் பற்றிப் பத்துப் பாட்டைச் சேர்த்துத் தட்டாக வெளியிட்டால் அது தொகைதான். அடுப்படியை முகப்புக்கு முன்னால் கேட்க முடியாது என்பதால்தான் இது தொடர்நிலை.

வரலாறும் இதற்குத் துணை நிற்கிறது. நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பழைய கிராமபோன் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நான்கு நிமிடமே கொள்ளும். பல தட்டுகளைப் புகைப்பட ஆல்பம் போன்ற அட்டைப் புத்தகத்தில் செருகி விற்றதால்தான் ‘ஆல்பம்’ என்ற பெயரே வந்தது. 1948இல் கொலம்பியா நிறுவனம் நீள்தட்டை (எல்.பி.) வெளியிட்ட பிறகு, ஒரு பக்கம் முழுவதும் தடையில்லாமல் ஓட முடிந்தது. ஜெர்மனியின் கிராஃப்ட்வெர்க் குழு 1974இல் ‘ஆட்டோபான்’ தட்டின் ஒரு பக்கம் முழுவதையும் ஒரே நெடுஞ்சாலைப் பயணத்துக்குக் கொடுத்தது இதனால்தான். வழிநெடுகச் செல்வதே அங்கும் பொருள்.

ஆனால் தமிழ்க் கேட்பவர்கள் நீள்தட்டுக்காகக் காத்திருக்கவில்லை. ஒரு நாடகத்தைப் பாகம் பாகமாகப் பல தட்டுகளில் பதித்து ‘நாடக செட்’ என்று விற்றார்கள். ஏவி.எம். மெய்யப்பன் காரைக்குடியில் குடும்பக் கடையில் கிராமபோன் தட்டு விற்றுத்தான் ஒலிப்பதிவுத் தொழிலுக்கே வந்தார். இந்த ஊர் வீடுகளில் செட்டின் வரிசை கலையாமல் தட்டுகளை அடுக்கி வைத்தவர்களுக்குத் தொகைக்கும் தொடருக்கும் உள்ள வேறுபாட்டை யாரும் விளக்க வேண்டியிருந்திருக்காது.

> தொடர் என்றாலே தொலைக்காட்சித் தொடர்தான் நினைவுக்கு வருகிறது.

‘நிலை’ அந்தக் குழப்பத்தைத் தடுத்துவிடுகிறது. தொலைக்காட்சித் தொடரை யாரும் தொடர்நிலை என்று சொல்வதில்லை.

உறைக்கு வேண்டிய மற்றச் சொற்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கொலாபரேஷனுக்குக் கூட்டாக்கம் போதும், யாரும் மறுக்கவில்லை. சாம்பிள் என்பது இரண்டு வேறு பொருள்கள், இரண்டு சொற்கள் வேண்டும். பதிவு செய்து வெட்டியெடுத்த ஓசை ஒலித்துணுக்கு. குறுந்தகட்டில் நொடிக்கு 44,100 முறை ஒலியை அளந்து எண்ணாக்குகிறார்களே, அந்த ஒவ்வோர் அளவும் மாதிரி. ஒரே ஓசை திரும்பத் திரும்ப வரும் லூப் என்பதற்கு ‘சுழல்’ வேண்டாம், ‘மடக்கு’ வேண்டும் என்று அழுத்தமாகச் சொல்வேன். செய்யுளின் மடக்கணியில் வந்த எழுத்துகளே மீண்டும் வந்து வேறு பொருள் தருகின்றன. பாரிஸில் இசையமைப்பாளர் பியேர் ஷாஃபர் 1948இல் ரயில் ஓசைகளைத் தட்டில் வெட்டி, வட்டமாக மூடிய பள்ளத்தில் திரும்பத் திரும்ப ஓடவிட்டபோது கண்டதும் அதுதான்: ஓசை மாறுவதில்லை, அது நம் காதில் கேட்கும் விதம் மாறுகிறது. சுழல் என்ற சொல்லில் அந்த மாற்றம் இல்லை.

கண்ணாடிமேல் வார்த்துச் செய்யும் ஆத்தங்குடித் தரைக்கல் அந்தக் கண்ணாடியிலிருந்து பிரியும் சத்தம் அடுப்படிப் பகுதியில் மடக்காக வருகிறது. முதலில் தரை ஓசையாகக் கேட்கிறது. அம்மியின் ஓசை சேர்ந்ததும் தாளமாகிவிடுகிறது. கேட்டுவிட்டு மறுப்பவர்கள் மறுக்கலாம்.

இசைத் தொடர்நிலை, கூட்டாக்கம், ஒலித்துணுக்கு, மடக்கு ஆகிய நான்குக்கும் மாற்றுக் கருத்து இருந்தால் இந்த வாரத்துக்குள் எழுதுங்கள். உறை அதன் பிறகு அச்சுக்குப் போகிறது. தனியே வெளியிடும் ஒற்றைப் பாட்டான ‘சிங்கிள்’ என்பதற்கு முத்தகம் பொருந்துமா என்பதை வேறோர் இழையில் பேசலாம். அதற்கும் இதே அளவு இடம் வேண்டும்.