குறைவாக ஓடிய எஸ்எல் 500ஆ, நிறைய ஓடிய எஸ்எல் 350ஆ? எதை எடுப்பது?

நீலவானம்:
வணக்கம். கூரை திறக்கிற கார் ஒன்று வாங்க வேண்டும் என்பது ரொம்ப நாள் ஆசை. இப்போது கண்ணில் பட்டிருப்பது மெர்சிடிஸ் எஸ்எல் 500, ஆர்230 பாடி (அந்தத் தலைமுறை எஸ்எல்லுக்குக் கம்பெனி வைத்த குறியீடு), 2004 மாடல், ஒரே ஓனர். இருபது வருஷத்தில் 38,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது, பெயிண்ட் பளபளவென்று இருக்கிறது. அன்றைக்குப் புதிதாக விற்ற விலையோடு பார்த்தால் இப்போது கேட்பது கொசுறு மாதிரிதான். இதே பணத்துக்கு 2007 எஸ்எல் 350 ஒன்றும் இருக்கிறது, ஆனால் அது 1,60,000 ஓடிவிட்டது. சர்வீஸ் பில் எல்லாம் முதல் நாளிலிருந்து கோப்பில் இருக்கிறதாம். வீட்டில், இரண்டு பேர் உட்காரும் காருக்கு எதற்கு இவ்வளவு நீளம் என்று கேட்கிறார்கள், அதற்கு என்னிடம் பதில் இல்லை. என் மனசு முதல் கார் பக்கம்தான். என்ன சொல்கிறீர்கள்?

எட்டுசிலிண்டர்:
இதில் யோசிக்க என்ன இருக்கிறது? 500-இல் இருப்பது எம்113, 5 லிட்டர் வி8, 306 குதிரைத்திறன். மெர்சிடிஸ் செய்த உறுதியான இன்ஜின்களில் அதுவும் ஒன்று என்று அதைப் பிரித்துப் பார்த்த யாரும் ஒத்துக்கொள்வார்கள். ஒழுங்காக எண்ணெய் மாற்றினால் லட்சக்கணக்கில் ஓடும். 38,000 என்பது அதற்கு ஒன்றுமே இல்லை. 350-ஐ எடுத்தால் வி6 சத்தத்தைக் கேட்டுக்கொண்டு, ஒவ்வொரு சிக்னலிலும் "அன்றைக்கே அதை எடுத்திருக்கலாமே" என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள்.

கணக்குப்பிள்ளை:
இரண்டும் வேண்டாம் என்பேன். கார் விலை இறங்குமே தவிர அதன் உதிரி பாகம் விலை இறங்காது. புதிதாக இருந்தபோது அது எந்த வர்க்கத்துக் காரோ, பம்பும் சென்சாரும் லைட்டும் இன்றைக்கும் அந்த வர்க்கத்து விலைதான். ஆனையை வாங்கிவிட்டு அங்குசத்துக்கு அழக்கூடாது. காருக்குக் கொடுக்கிற தொகையில் குறைந்தது பாதியாவது தனியாக எடுத்து வைக்க முடிந்தால் மேலே பேசலாம். முடியாது என்றால் லெக்ஸஸ் எஸ்சி430 பாருங்கள். 2001-இல் இருந்து 2010 வரை வந்தது, 4.3 லிட்டர் வி8, இரும்புக் கூரை மடிந்து டிக்கிக்குள் போய்விடும், சஸ்பென்ஷன் சாதாரண ஸ்பிரிங். டைமிங் பெல்ட்டை மட்டும் நேரத்துக்கு மாற்றிவிட்டால் பெரிதாகத் தொல்லை தராது.

எட்டுசிலிண்டர்:
எஸ்சி430 ஓட்டுவதற்கு சோபாவில் உட்கார்ந்து டிவி பார்க்கலாம், செலவு இன்னும் கம்மி.

ஸ்பேனர்:
பட்டறையில் இந்த மாதிரி கார்களின் வயிற்றுக்குள் கை விட்டுப் பிழைப்பவன் என்ற முறையில் சொல்கிறேன், நீலவானம் சார், அந்த 38,000-ஐப் பார்த்து மயங்காதீர்கள். இருபது வருஷத்தில் அவ்வளவு என்றால் நாளைக்குச் சராசரி ஐந்து கிலோமீட்டர். ஒன்று, மாதக்கணக்கில் நின்றிருக்கும். இல்லையென்றால் பக்கத்துத் தெருவுக்குப் போய் இன்ஜின் சூடாகும் முன்பே திரும்பி வந்திருக்கும். இரண்டும் கெடுதல்தான். நின்றால் ரப்பர் காய்ந்து வெடிக்கும், சீல் சுருங்கும், பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். குறுகிய ஓட்டம் என்றால் இன்ஜின் ஆயிலில் தண்ணீரும் பெட்ரோலும் சேரும், அதை ஆவியாக்கும் சூடே வராது.

எம்113 நல்ல இன்ஜின், அதில் எனக்கும் சண்டை இல்லை. ஆனால் இந்தக் காரில் பணத்தைக் கரைப்பது இன்ஜின் கிடையாது. முதலில் ஏபிசி சஸ்பென்ஷன், அதாவது ஹைட்ராலிக் அழுத்தத்தால் காரைத் தூக்கிச் சமன்படுத்துகிற ஏற்பாடு. பம்ப், நைட்ரஜன் அடைத்த குண்டுகள், வால்வு பிளாக், நாலு சக்கரத்துக்கும் ஹைட்ராலிக் ஸ்ட்ரட், எல்லாம் 200 பார் அளவு அழுத்தத்தில் வேலை செய்கிறது. ஒரு குழாய் வெடித்தால் கார் அப்படியே தரையை நோக்கி உட்கார்ந்துவிடும். அடுத்து எஸ்பிசி பிரேக். மிதிக்கிற மிதியை சென்சார் படித்து, மின்சார பம்ப் அழுத்தம் கொடுக்கிற ஏற்பாடு அது. 2004-லும் 2005-லும் பெரிய அளவில் திரும்ப அழைத்தார்கள், 2006-இல் எஸ்எல்லின் தோற்றத்தைப் புதுப்பித்தபோது அதையே தூக்கிவிட்டார்கள். உங்கள் 2004-இல் இருக்கிறது, 2007-இல் இல்லை. இந்த ஒரு காரணமே எனக்குப் போதும்.

எட்டுசிலிண்டர்:
ஸ்பேனர் அண்ணே, மரியாதையோடு சொல்கிறேன், உங்களிடம் வருவது எல்லாம் படுத்த கார்தான், நன்றாக ஓடுகிறவன் எதற்குப் பட்டறைக்கு வருகிறான்? அப்புறம் எஸ்பிசி பற்றி முழுசாகச் சொல்லுங்கள். அந்த யூனிட்டுக்குள் பிரேக் மிதித்த எண்ணிக்கையைக் கணக்கு வைக்கிற கவுன்ட்டர் இருக்கிறது, அது எல்லையைத் தொட்டால்தான் எச்சரிக்கை வரும். 38,000 ஓடிய காரில் அந்தக் கணக்கு எவ்வளவு மிச்சம் இருக்கும், 1,60,000 ஓடிய வேறொரு 2004 காரில் எவ்வளவு இருக்கும்? இங்கே குறைவான ஓட்டம் லாபம்தானே?

இன்னொன்று. 350-இல் இருப்பது எம்272 வி6. அந்த இன்ஜினின் ஆரம்ப காலத் தொகுப்பில் பேலன்ஸ் ஷாப்டின் (அதிர்வைக் குறைக்கிற தண்டு) பல்சக்கரம் சீக்கிரம் தேய்கிற குறை இருந்தது. அதை மாற்ற இன்ஜினையே கீழே இறக்க வேண்டும். அதை ஏன் விட்டுவிட்டீர்கள்?

ஸ்பேனர்:
விடவில்லை, ஒரே மூச்சில் எல்லாவற்றையும் எழுத முடியுமா? கவுன்ட்டர் விஷயம் சரிதான், குறைவாக மிதித்த காரில் மிச்சம் அதிகம். ஆனால் அந்த பம்ப் கதவைத் திறந்தாலே விழித்துக்கொண்டு அழுத்தம் ஏற்றும், வயதும் அதைக் கெடுக்கும். எம்272 குறை உண்மை. அது 2006 வாக்கில் திருத்தப்பட்டது, ஆகவே 2007 காரில் இன்ஜின் நம்பரைப் பார்த்தால் தெரிந்துவிடும். பழைய தொகுப்பு என்றால் மாற்றிய பில் இருக்க வேண்டும், பில் இல்லை என்றால் அதையும் விட்டுவிடுங்கள். என் கட்சி இதுதான்: தெரிந்த ஒரு குறையை நம்பர் பார்த்துத் தள்ளிவிடலாம், இருபது வருஷம் மூடி வைத்த காரில் எது எப்போது போகும் என்று எந்த நம்பரும் சொல்லாது.

மலைப்பாதை:
இடையில் புகுந்ததற்கு மன்னிக்கவும், ஆனால் கன்வெர்டிபிளே எதற்கு என்று யாருமே கேட்கவில்லையே. கூரையை வெட்டினால் பாடியின் விறைப்பு போகிறது, அதைச் சரிக்கட்ட அடியில் இரும்பு சேர்க்கிறார்கள், எடை ஏறுகிறது. கூரை இறங்கினால் டிக்கியில் பாதி காணோம். மோட்டார், ஹைட்ராலிக் சிலிண்டர், மைக்ரோ ஸ்விட்ச், தண்ணீர் வடியும் குழாய், இத்தனையும் எதற்கு? வெயிலடித்தால் மூடுவீர்கள், மழை வந்தால் மூடுவீர்கள், தூசி என்றால் மூடுவீர்கள். பழைய ஜாகுவார் எக்ஸ்கே8 திறப்பு மாடலில் முன் கண்ணாடிக்கு மேலே போகிற ஹைட்ராலிக் குழாய் வெடித்து, உட்கார்ந்திருப்பவர் தலையில் பச்சை எண்ணெய் கொட்டும். அதற்கு "பச்சைக் குளியல்" என்று பெயரே வைத்துவிட்டார்கள். கூரை திறக்காத கூபே எடுங்கள். போர்ஷே 911, 996 மாடல், கிட்டத்தட்ட இதே வயசு, ஓட்டுகிறவனுக்கான கார்.

கணக்குப்பிள்ளை:
996 என்றதும் ஐஎம்எஸ் தாங்கி (இன்ஜினுக்குள் இருக்கிற இடை ஷாப்டின் பேரிங்) நினைவுக்கு வரவில்லையா? அந்தத் தாங்கி உடைந்தால் இன்ஜின் முழுசாகக் காலி. டர்போவும் ஜிடி3-யும் வேறு இன்ஜின், அவை தப்பித்தன. சாதாரண கரேரா தப்பிக்கவில்லை. 2009 மாடல் 911-இல் வந்த புது இன்ஜினில்தான் அந்த ஷாப்டே ஒழிந்தது. எண்ணெயில் குளிக்கப் பயந்தவர் இன்ஜினைப் பணயம் வைக்கச் சொல்கிறாரே.

ஸ்பேனர்:
அதிலும் கவனியுங்கள், ஐஎம்எஸ் போன கார்களில் நின்று நின்று கிடந்தவையே அதிகம் என்பது போர்ஷே மெக்கானிக்குகள் பலரும் சொல்வது. வாரம் தவறாமல் நல்ல வேகத்தில் ஓடுகிற காரில் தாங்கிக்கு எண்ணெய் கிடைக்கிறது. என் வாதத்துக்கு மலைப்பாதையே சாட்சி கொண்டுவந்து கொடுத்திருக்கிறார், நன்றி.

தேன்மொழி:
நீங்கள் எல்லோரும் எந்தக் கார் என்பதிலேயே நிற்கிறீர்கள், அவர் நாளைக்குப் போய்ப் பார்க்க வேண்டியது என்ன என்று ஒருவரும் சொல்லவில்லை. நானும் கூரை மடிகிற கார்தான் வைத்திருக்கிறேன், என்ன கார் என்பது இங்கே தேவையில்லை.

விற்பவரிடம், நான் வரும்வரை ஸ்டார்ட் செய்யாதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போங்கள். பானெட் சூடாக இருந்தால் எதையோ மறைக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். முந்தின ராத்திரி நிறுத்திய இடத்திலேயே பாருங்கள். ஒரு மூலை தாழ்ந்திருந்தால் ஏபிசி வால்வு கசிகிறது. கூரையை ஒரு தடவை திறந்து காட்டினால் நம்பாதீர்கள், இன்ஜினை ஓடவிட்டு மூன்று நாலு தடவை ஏற்றி இறக்கச் சொல்லுங்கள். ஆர்230-இல் 16 நொடியில் முடிய வேண்டும், நடுவில் திணறினாலோ ஒரு பக்கம் முந்தினாலோ சிலிண்டரில் கசிவு இருக்கலாம். அப்புறம் டிக்கியில் கம்பளத்தைத் தூக்கிக் கையை வையுங்கள். ஈரமோ பூஞ்சை வாடையோ இருந்தால் அங்கேயே திரும்பிவிடுங்கள், ஏனென்றால் சென்ட்ரல் லாக் பம்பும் மின்னணுப் பெட்டியும் அங்கேதான் இருக்கின்றன. இந்தக் காருக்குப் பேட்டரி இரண்டு, ஒன்று முன்னால், ஒன்று டிக்கியில். பின்னால் இருப்பது சோர்ந்தால் டேஷ்போர்டில் சம்பந்தமில்லாத எச்சரிக்கை எல்லாம் வரும், அதைப் பார்த்து மிரளவும் வேண்டாம், "பேட்டரிதான் சார்" என்று விற்பவர் சொல்வதை அப்படியே நம்பவும் வேண்டாம், ஸ்கேன் செய்து பாருங்கள். டயரின் பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும், 2314 என்றால் 2014-ஆம் ஆண்டு 23-ஆம் வாரம். பட்டை தேயாமல் புதுசு மாதிரி இருக்கிறது என்று பழைய டயரில் வேகமாகப் போகாதீர்கள்.

மலைப்பாதைக்கு ஒரு வார்த்தை: சாயங்காலம் கூரையைத் திறந்துபோட்டு மெதுவாகப் போகிற சுகத்தை வளைவில் எத்தனை கிலோ கூடுதல் என்று கணக்குப் போடுகிறவரிடம் விளக்க முடியாது.

நீலவானம்:
எல்லோருக்கும் நன்றி. தேன்மொழி சொன்னதை 500 விற்பவரிடம் கேட்டேன். ராத்திரி நிறுத்திய இடத்திலேயே பார்க்க வேண்டும் என்றதும், "தினமும் காலையில் டிரைவர் வந்து கொஞ்ச நேரம் ஓடவிட்டு வைப்பார், அதை மாற்ற முடியாது" என்றார். ஸ்கேன் செய்யலாமா என்றேன், பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. 350 வைத்திருப்பவர் இன்ஜின் நம்பரைப் படம் எடுத்தே அனுப்பிவிட்டார், திருத்தத்துக்குப் பிந்தைய தொகுப்பு. உயரம் ஏற்றுகிற பட்டன் எதுவும் இல்லை, சாதாரண ஸ்பிரிங்தான், ஏபிசி கிடையாது. ஆனாலும் ஸ்டீயரிங் தோல் வழவழவென்று தேய்ந்திருக்கிறது, ஓட்டுநர் சீட் ஓரம் கிழிந்திருக்கிறது. ஏற்கெனவே வாழ்ந்து முடித்த காரை வாங்குவது போல் ஒரு நெருடல்.

கணக்குப்பிள்ளை:
தோல் தேய்ந்ததைக் காட்டிப் பேரம் பேசுங்கள். சீட் தைக்கிற செலவில் ஏபிசி-யின் ஒரு குழாய்கூட வராது.

எட்டுசிலிண்டர்:
விற்பவர் வெட்கப்படுகிறார் என்பதற்காக வி8-ஐ விடுவதா? சரி, உங்களுக்கு வேண்டாம் என்றால் அந்த 500-இன் விவரத்தை எனக்குத் தனிச்செய்தியில் அனுப்புங்கள். ஏபிசி போனால் அதைக் கழற்றிவிட்டுச் சாதாரண ஸ்பிரிங் கிட் போட்டுக்கொள்வேன், இன்ஜின் எனக்கு முக்கியம்.

ஸ்பேனர்:
தாராளமாக எடுங்கள் தம்பி. கிட் போட்ட பிறகு டேஷ்போர்டில் சிவப்பாக ஒரு எச்சரிக்கை நிற்கும், அதை அணைக்கத் தனியாக ஒரு வேலை இருக்கிறது, அதையும் விலையில் சேர்த்துக்கொள்ளுங்கள். நீலவானம் சார், 350-க்குக் கியர்பாக்ஸ் ஆயில் எப்போது மாற்றினார்கள் என்று அந்தக் கோப்பில் தேடிப் பாருங்கள், அது இல்லாவிட்டால் பேரத்தில் இன்னும் கொஞ்சம் இறக்கலாம்.